கிளியோபாட்ரா குளிக்காத பால்



இந்த மாதம் தபாலில் வந்த ஒரு கவரிலிருந்து தொடங்குகிறேன். மன்னார்குடிப் பக்கத்து ஊரிலிருந்து, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் அனுப்பியிருந்தார். உள்ளே நம் சென்ற இதழிலிருந்து கத்தரித்த ஒரு பெட்டிச் செய்தி. 'கிளியோபாட்ராவின் அழகு ரகசியம்' என்று தலைப்புப் போட்டு, தினமும் கழுதைப் பாலில் குளித்ததால்தான் அந்த எகிப்து ராணியின் மேனி மின்னியது என்று நாலு வரி எழுதியிருந்தோம். டீச்சர் அதை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, அடியில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "எந்த நூலில் இருக்கிறது, அம்மா?"

பதில் சொல்லலாம் என்று தேடத் தொடங்கியவள் மூன்று வாரம் அதிலேயே மூழ்கிப் போனேன். டீச்சருக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் பழைய நூலிலும் இல்லை, டீச்சர். கிளியோபாட்ராவை அடியோடு வெறுத்த ரோமானிய ஆசிரியர்கள்கூட அவள் பாலில் குளித்தாள் என்று எழுதவில்லை. பிழை நம்முடையது. இதே பக்கத்தில் திருத்திக்கொள்கிறேன்.

பாலில் குளித்தவள் வேறொருத்தி. ரோமப் பேரரசன் நீரோவின் மனைவி பொப்பேயா சபீனா. கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-இல். பொப்பேயா இறந்தது கி.பி. 65-இல். நடுவில் மூன்று தலைமுறை ஓடியிருக்கிறது. பொப்பேயாவின் காலத்திலேயே வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, அவள் போகுமிடமெல்லாம் 500 பெண் கழுதைகளை உடன் ஓட்டிச் சென்றாள் என்றும், குளியல் தொட்டியைக் கழுதைப் பாலால் நிரப்பினாள் என்றும், அது தோலை மென்மையாக்கும் என்று நம்பினாள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஐந்நூறும் அண்மையில் குட்டி போட்டவை என்கிறார், பின்னால் வந்த வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ.

இது எப்படிக் கிளியோபாட்ராவின் தலையில் ஏறியது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1932-இல் செசில் பி. டிமில் எடுத்த 'தி சைன் ஆஃப் தி கிராஸ்' படத்தில் பொப்பேயாவாக நடித்த கிளாடெட் கோல்பெர்ட், பால் நிறைந்த தொட்டியில் குளிக்கும் காட்சி உலகெங்கும் பேசப்பட்டது. இரண்டே ஆண்டில், 1934-இல், அதே இயக்குநர் அதே நடிகையைக் கிளியோபாட்ராவாக்கிப் படம் எடுத்தார். பார்த்தவர்கள் மனத்தில் முகம் ஒன்று, ராணி இரண்டு. பால் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குக் கைமாறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு சோப்புக் கம்பெனிகள் சும்மா விடுமா? பொப்பேயா என்றால் யாருக்குத் தெரியும்? கிளியோபாட்ரா என்றால் சோப்பு விற்கும்.

சரி, பெயரை மாற்றிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா என்று நினைத்தபோதுதான் அந்த 500 என்ற எண் என்னைப் பிடித்துக்கொண்டது. நம் ஊரில் கழுதைப் பாலை அறியாதவர்கள் இல்லை. கழுதையை ஓட்டிக்கொண்டு, குரல் கொடுத்தபடி தெருவில் வருவார்கள். வீட்டு வாசலில் நிறுத்தி, அப்போதே கறந்து, சங்கில் ஊற்றிக் கைக்குழந்தைக்குப் புகட்டச் சொல்வார்கள். ஒரு சங்கு, அவ்வளவுதான். அந்தக் கழுதையிடமும் அதிகம் இருக்காது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் கிடைத்தாலே பெரிது. அதுவும் குட்டி பக்கத்தில் நின்றால்தான் பால் சுரக்கும். இப்போது ஐந்நூறு தாய்க் கழுதைகளை நினைத்துப் பாருங்கள். ஐந்நூறு குட்டிகளை விலக்கிக் கட்ட வேண்டும், கறக்க வேண்டும், புளிக்கும் முன் கொண்டு சேர்க்க வேண்டும், தீவனம் போட வேண்டும், சாணம் அள்ள வேண்டும். ஒரு பெண் குளிப்பதற்கு எத்தனை பேர் இருட்டில் எழுந்திருக்க வேண்டியிருந்தது! பிளினி பாலைச் சொன்னார், தொட்டியைச் சொன்னார், கழுதைகளையும் எண்ணிச் சொன்னார். கறந்த கைகளை யாரும் எண்ணவில்லை.

பாலில் பலன் இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் உண்டு. பால் புளிக்கும்போது லாக்டிக் அமிலம் உண்டாகிறது. தோலின் மேல் காய்ந்து நிற்கும் செத்த செல்களை அது மெல்லத் தளர்த்திவிடும். நம் வீட்டுத் தயிரும் அதைத்தான் செய்கிறது. அதற்கு ஒரு மந்தை வேண்டியதில்லை.

இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்துப்போனவள் கிளியோபாட்ராவும் இல்லை, பொப்பேயாவும் இல்லை. ஒக்டேவியா. முதல் ரோமப் பேரரசன் அகஸ்டஸின் அக்கா. ரோமத் தளபதி ஆண்டனி கிளியோபாட்ராவுக்காக விட்டுவிட்டுப் போன மனைவி. கி.பி. 47-ஐ ஒட்டி ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் எழுதிய மருந்துக் குறிப்பு நூலில், ஒக்டேவியா பயன்படுத்திய பற்பொடியின் செய்முறை இருக்கிறது. பார்லி மாவைக் காடியும் தேனும் விட்டுப் பிசைந்து, உப்புச் சேர்த்து, உருண்டை பிடித்து, கரியாகும்வரை சுட்டெடுக்க வேண்டும். பிறகு இடித்து, மணத்துக்கு நார்டம் சேர்க்க வேண்டும். இவ்வளவுதான் பேரரசனின் அக்கா பல் தேய்த்த ரகசியம். கரியும் உப்பும்! படித்ததும் எனக்கு எங்கள் ஆச்சி வீட்டுக் கொல்லைப்புறம்தான் நினைவுக்கு வந்தது. உமிக்கரியும் உப்புமாகச் சுவர் மாடத்தில் ஒரு கொட்டாங்கச்சி இருக்கும். பல் தேய்த்து முடித்ததும் ஆள்காட்டி விரல் நாள் முழுக்கக் கறுப்பாக இருக்கும்.

நார்டம் என்றேனே, அது வேறெதுவும் இல்லை, நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சடாமாஞ்சில்தான். தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போது போடுவோமே, அந்த முடி முடியான வேர். இமயமலைச் செடி. அது ரோமுக்குப் போன வழிகளில் ஒன்று நம் பக்கமாகத்தான் போயிருக்கிறது. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து சரக்கேற்றிவந்த 'ஹெர்மப்பொல்லோன்' என்ற கப்பலின் கணக்கு அதில் இருக்கிறது. யானைத் தந்தம், துணி இவற்றோடு, கங்கைப் பக்கத்து நார்டம் 60 பெட்டி. இந்தியாவுக்கு மட்டும் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்விடுகிறதே என்று புலம்பியவரும் அதே பிளினிதான். ரோமச் சீமாட்டிகளின் காதில் ஆடிய முத்துக்களில் சிலவும் பாண்டியர் கடலிலிருந்து போனவைதான். கொற்கையில் முத்துக் குளிப்பு நடந்ததையும், அந்த வேலையில் தண்டனைக் கைதிகளை இறக்கியதையும் அக்காலத்துக் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்தக் கடைசிச் செய்தியைப் படித்த பிறகு முத்துத் தோட்டைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சடக்கி முங்கிய யாரோ ஒருவன் நினைவுக்கு வருகிறான்.

கிளியோபாட்ராவின் முகத்துக்கே வருவோம். அவள் காலத்திலேயே, அவள் ஆணையிலேயே அடித்த நாணயங்கள் இன்றும் கிடைக்கின்றன. வளைந்த மூக்கு, எடுப்பான தாடை. சினிமாவில் பார்த்த முகம் இல்லை. நூறாண்டுக்குப் பிறகு எழுதிய கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க், பார்த்ததும் மலைத்துப்போகும் அழகு என்று அவளைச் சொல்லவில்லை. அவளோடு பேசுவதில் இருந்த இன்பத்தைச் சொல்கிறார். குரலைச் சொல்கிறார். பல நாட்டுத் தூதர்களிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவரவர் மொழியிலேயே பேசினாள் என்கிறார். அவளுக்கு முன் எகிப்தை ஆண்ட அவள் குலத்து அரசர்கள் எகிப்திய மொழியைக்கூடக் கற்கவில்லை. இவள் கற்றாள். இதைப் பெட்டிச் செய்தியாகப் போட வேண்டும் என்று நமக்கு ஏன் தோன்றவில்லை? இதை எழுதும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒன்பது மொழிக்குக் குறையாமல் பேசி ஒரு நாட்டை ஆண்டவளை ஒரு பால் தொட்டிக்குள் இறக்கிவிட்டோமே.

அவள் பெயரில் பழங்காலத்தில் ஓர் அழகுக்கலை நூலும் உலவியது. அவளே எழுதினாள் என்பதற்குச் சான்றில்லை. கேலன் என்ற புகழ்பெற்ற மருத்துவர் அதிலிருந்து சில குறிப்புகளை எடுத்துப் பாதுகாத்திருக்கிறார். வழுக்கைக்கு ஒன்று: சுட்ட எலி, சுட்ட குதிரைப் பல், கரடிக் கொழுப்பு, மான் மச்சை, தேன். இதை எந்த சோப்புக் கம்பெனியும் அட்டையில் போடுவதில்லை!

இனி நான் சொல்லப்போவது, நம் அலுவலகத்தில் நடந்தது. போன வாரம் அட்டைப்படத்துக்கான புகைப்படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எங்கள் வடிவமைப்பாளர் தம்பி கேட்டார், "மேடம், கண்ணுக்குக் கீழ இருக்கிற கோட்ட எடுத்துடட்டுமா? வாய் ஓரத்துலயும் லேசா இருக்கு." வழக்கமாக ஆகட்டும் என்றுதான் சொல்வேன். அன்றைக்கு என் மேசையில் எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் சிலைப் படம் இருந்தது.

உலகின் அழகிய முகம் என்று எல்லோரும் சொல்லும் அந்த மார்பளவுச் சிலை, 1912 டிசம்பர் 6-ஆம் தேதி எகிப்தின் அமர்னாவில் மண்ணிலிருந்து வெளியே வந்தது. இப்போது பெர்லினில் இருக்கிறது. அதை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது. வெளியே நாம் காண்பது பூச்சு. உள்ளே சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய இன்னொரு முகம் இருக்கிறது. அந்த முகத்தில் வாய் ஓரத்திலும் கன்னத்திலும் கோடுகள். மூக்குத் தண்டில் சின்ன மேடு. கன்ன எலும்பு அவ்வளவு தூக்கலாக இல்லை. சிற்பி முதலில் கல்லில் செதுக்கிவிட்டு, பிறகு சுதை பூசிப் பூசி எல்லாவற்றையும் வழவழப்பாக்கியிருக்கிறார். 3,300 ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ, "அந்தக் கோட்டை எடுத்துடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். யாரோ சரி என்றிருக்கிறார்கள்.

அந்தச் சிற்பியின் பெயர் துத்மோஸ் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதுவும் எப்படித் தெரிந்தது என்றால், சிலை கிடைத்த பட்டறை முற்றத்தின் குப்பைக் குழியில் குதிரைக்குக் கண்ணோரம் கட்டும் தந்தப் பட்டை ஒன்று கிடைத்தது. அதில் அவர் பெயர் பொறித்திருந்தது. அந்தக் குப்பை இல்லாவிட்டால் அவர் பெயரும் போயிருக்கும்.

நான் தம்பியிடம் கோட்டை விட்டுவிடச் சொன்னேன். இந்த இதழின் அட்டையை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எகிப்தியரின் கண்மை பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு நிறைவாகாது. அதில் வியக்க வைக்கும் உண்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில், கல்லறைகளில் கிடைத்த மைக் குடுவைகளில் மூவாயிரம் நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய பொடி அப்படியே இருக்கிறது. ஆய்வாளர் பிலிப் வால்ட்டரும் அவருடைய குழுவினரும் அதைச் சோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். கறுப்புக்குக் கலீனா என்ற ஈயத் தாது. அதோடு இயற்கையில் எளிதில் கிடைக்காத இரண்டு ஈய உப்புகளும் இருந்தன. கிடைக்காத பொருள் குடுவைக்குள் எப்படி வந்தது? செய்திருக்கிறார்கள். நம் சித்த மருந்துக் கடையில் மிருதார்சிங்கி என்கிறோமே, அந்த ஈயப் பொடியைக் கல்லுப்போடு தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரை வடித்து, புது நீர் ஊற்றி, மறுநாள் மறுபடி வடித்து, மறுபடி ஊற்றி, இப்படி வாரக்கணக்கில் செய்தால் அடியில் வெள்ளையாக ஒரு பொருள் தங்கும். ஒரு நாள் வடிக்க மறந்தால் கெட்டது. வேதியியல் என்ற சொல்லே இல்லாத காலத்தில், யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து தினமும் நீரை வடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

2010-இல் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். அந்த ஈய உப்பு மிக மிகச் சிறிய அளவில் தோல் செல்களைத் தொடும்போது அவை நைட்ரிக் ஆக்சைடை இருமடங்குக்கும் மேல் கூடுதலாகச் சுரக்கின்றன. உடலின் நோய் எதிர்ப்பை உசுப்பும் பொருள் அது. நைல் நதி பெருகி வடியும் நாட்டில் கண்நோய் அதிகம். ஆகவே மை அலங்காரம் மட்டும் இல்லை, மருந்தும்தான் என்ற எகிப்தியர் நம்பிக்கையில் பொருள் இருக்கிறது.

இங்கே தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு ஈய மை நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வகத் தட்டில் இருந்த அளவு வேறு, குழந்தையின் கண்ணில் நாள்தோறும் தீட்டும் அளவு வேறு. குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். கடைகளில் விற்கும் சில சுர்மா, மை வகைகளில் ஈயம் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. விளக்கெண்ணெய்த் தீபத்தில் பிடித்த வீட்டு மை வெறும் கரிதான், ஈயம் இல்லை. ஆனாலும் பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். திருஷ்டிப் பொட்டு கன்னத்திலோ பாதத்திலோ போதும்.

ராணியே ஏமாந்த கதை ஒன்றும் உண்டு. எகிப்தைப் பெண் ஃபாரோவாக ஆண்ட ஹட்ஷெப்சுட்டின் பெயர் பொறித்த சிறு குடுவை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசனைத் தைலக் குடுவை என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். உள்ளே காய்ந்து கிடந்ததைச் சோதித்து 2011-இல் வெளியிட்டபோது வேறு செய்தி வந்தது. பனைக் குடும்பத்து எண்ணெய், ஜாதிக்காய் எண்ணெய், இவற்றோடு கீல் போன்ற பொருள். அது அரிப்பு நோய்க்குப் பூசும் களிம்பாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்தக் கீலில் புற்றுநோயை வரவழைக்கும் பென்சோபைரீன் இருந்தது. சொறிச்சல் தாங்காமல் ராணி பூசிய மருந்தே அவளுக்கு நஞ்சாகியிருக்கக்கூடும்.

நம் ஊருக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையில் மாதவி நீராடும் இடம் பலருக்கும் நினைவிருக்கும். மாதவி அரசி இல்லை. ஆனால் சோழ மன்னன் முன் அரங்கேறி, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றவள். கோவலன் ஊடியிருக்கிறான். அவனோடு கடலாடப் புறப்படும் முன் அவள் கூந்தல் அலசும் நீரில் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியிருந்தன என்கிறார் இளங்கோ. துவர் என்றால் துவர்ப்புப் பொருள். விரை என்றால் மணப்பொருள். ஓமாலிகையும் குளிக்கும் நீரில் ஊறவைக்கும் வாசனைச் சரக்குதான். அவை எவை எவை என்று உரைகாரர் பட்டியலே கொடுத்திருக்கிறார். பூவந்தி, திரிபலை, கருங்காலி, நாவல், நாற்பால் மரம் என்று பத்துத் துவர். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று ஐந்து விரை.

முப்பத்திரண்டுக்கு எனக்குத் தைரியம் இல்லை. பத்துத் துவரை மட்டும் செய்து பார்ப்போம் என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிலப்பதிகாரமாம்மா?" என்றார். கண் கலங்கிவிட்டது எனக்கு. பூந்திக்கொட்டை, கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலிச் சக்கை, நாவல் பட்டை, ஆல், அரசு, அத்தி, இத்திப் பட்டைகள். இத்திக்கு மட்டும் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

எழுபத்தெட்டு வயது அத்தைதான் பொறுப்பேற்றுக்கொண்டார். பட்டைகளைத் தட்டி, கொட்டை நீக்கி, பித்தளை அண்டாவில் ஊறப்போட்டார். "இரும்புச் சட்டியில போடாதடி, கடுக்காயும் இரும்பும் சேர்ந்தா மையாட்டம் கறுத்துடும்" என்றார். அதுவும் வேதியியல்தான். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடினால் கறுப்பு மை. நரைக்குச் சாயம் வேண்டுமென்றால் அதையே வேண்டுமென்று செய்வார்களாம். ஓர் இரவு முழுக்க ஊறி, மறுநாள் காலையில் திறந்தால் நீர் கட்டன் காப்பி நிறத்தில் இருந்தது. மழை பெய்து ஓய்ந்த தோப்பின் வாசம். அத்தை என்னை முக்காலியில் உட்கார வைத்து, சொம்பு சொம்பாக ஊற்றி, விரலால் கோதிக் கோதி அலசிவிட்டார். பூந்திக்கொட்டை நுரைத்தது. அலசி முடித்துத் துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி எழுந்தபோது மணி பதினொன்று.

முடி மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அன்று கிடைத்த சுகத்தில் பட்டைகளுக்குப் பங்கு எவ்வளவு, அத்தையின் விரல்களுக்குப் பங்கு எவ்வளவு என்று கேட்டால், விரல்களுக்குத்தான் அதிகம் என்பேன். பத்துப் பொருளுக்கே ஒன்றரை நாள் வேலை. மாதவிக்கு நாற்பத்தேழு பொருள். வீட்டில் எத்தனை பேர் இடித்தார்கள், சலித்தார்கள், ஊறப்போட்டார்கள்! ரோமிலும் இதே கதைதான். பேரரசி லிவியாவின் வீட்டு வேலையாட்களின் அஸ்தி வைத்த கல்லறை மண்டபம் ஒன்றை ஆப்பியன் சாலையோரம் 1726-இல் கண்டெடுத்தார்கள். அதில் பலரின் பெயரும் அவர்கள் செய்த வேலையும் கல்லில் இருக்கின்றன. தலை வாரிவிட்டவர்கள், எண்ணெய் தேய்த்துவிட்டவர், முத்துக்களைக் கவனித்துக்கொண்டவர். அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும். லிவியா எண்பது வயதைக் கடந்து வாழ்ந்தாள் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பெயர்களை வாசித்தபோதுதான் ராணியின் அழகு ரகசியம் எது என்று எனக்கு விளங்கியது.

அப்படிப்பட்ட கைகளுக்கு உரியவர் ஒருமுறையாவது அரசனின் ஏட்டிலேயே ஏறியிருக்கிறார். ரோஜா அத்தரைக் கண்டுபிடித்தவள் நூர்ஜஹான், பன்னீர் நிரப்பிய தடாகத்தில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தாள் என்ற கதையை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். அவள் கணவன் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் வேறு விதமாக எழுதியிருக்கிறான். கண்டவர் நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகம். பன்னீர் காய்ச்சி, சூடாகப் பாத்திரங்களில் ஊற்றும்போது மேலே ஆடைபோல் ஏதோ படிவதைப் பார்த்தார். அதைச் சிறுகச் சிறுக வழித்துச் சேர்த்தார். ஒரு துளி உள்ளங்கையில் தேய்த்தால் சபையே மணக்கும் என்று வியக்கும் பாதுஷா, மாமியாருக்கு முத்து மாலை பரிசளித்தான். அக்பரின் விதவையான சலீமா சுல்தான் பேகம் அதற்கு 'அத்தரே ஜஹாங்கீரி' என்று பெயர் வைத்தார். அடுப்பங்கரைச் சூட்டில் நின்று பாத்திரத்தை உற்றுப் பார்த்த ஒரு பெண்மணி கண்டது அது. ஏட்டில் பதிந்திருந்தும், ஊர்க் கதை அதை மகளுக்குக் கொடுத்துவிட்டது.

கடைசியாக ஒரு கவலை. 'அரச குடும்பத்து வெண்மை' என்று சொல்லி விற்கும் களிம்புகள் பற்றி மாதம் இரண்டு மூன்று கடிதமாவது எனக்கு வருகிறது. பழங்கால ரோமிலும் வெளுப்புக்காக ஈயத்தைக் காடியில் ஊறவைத்தெடுத்த வெண்பொடியைப் பூசினார்கள். அது நஞ்சு என்று அப்போதே எழுதியும் வைத்தார்கள், பூசுவதையும் நிறுத்தவில்லை. இன்று ஈயத்தின் இடத்தில் பாதரசம். தோலின் நிறமி உண்டாவதை அது தடுக்கும், ஆகவே நிறம் மாறும். அதே பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிக் களிம்பு பூசியவர்கள் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்தார்கள். பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை அறவே ஒழிப்பது என்று பாதரசக் கட்டுப்பாட்டுக்கான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்திருக்கின்றன. தயாரிப்பாளர் முகவரி இல்லாத டப்பா, உட்பொருள் எழுதாத டப்பா, சில நாளில் வெளுக்கும் என்ற வாக்குறுதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்து, முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் நுரைத்துப் போனாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். மகளிடம், தங்கையிடம், கல்யாணத்துக்குத் தயாராகும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள். கறுப்பாகப் பிறந்த எந்தப் பெண்ணும் சிறுநீரகத்தை விலையாகக் கொடுத்து வெளுக்க வேண்டியதில்லை.

மன்னார்குடி டீச்சரிடம் நேற்று போனில் பேசினேன். திருத்தம் போடுகிறோம் என்று சொன்னதும், "பெட்டிச் செய்திக்குப் பதில் பெட்டிச் செய்திதானே போடுவீங்க?" என்றார். இல்லை, முழுப் பக்கம் என்றேன். சிரித்தார். பிறகு, தன் பாட்டி நலங்கு மாவு அரைக்கும்போது பூலாங்கிழங்கை மட்டும் நிழலில் உலர்த்துவார், வெயில் பட்டால் வாசம் போய்விடும் என்பார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பாட்டியின் பெயரைக் கேட்டேன். சொல்ல அவருக்குச் சற்று நேரமாயிற்று. "இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல" என்றார்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு நலங்கு மாவு, சீயக்காய்ப் பொடி, தைலம், கண்மை, எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். ஆழாக்கோ படியோ பலமோ, பழைய அளவிலேயே இருக்கட்டும். எதை வெயிலில் காய வைப்பது, எதை நிழலில் என்று விவரமாக எழுதுங்கள். மேலே, தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில், அதை அரைத்தவரின் பெயரை எழுதுங்கள். வரும் இதழ்களில் அந்தப் பெயரோடேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்